தூத்துக்குடியிலிருந்து வாச்சாத்தி வரை: ஊர்களே நடத்திய வரலாறு

கேட்கப்பட்ட கேள்வி இது: "ராஜராஜன், கட்டபொம்மன், முதலமைச்சர்கள் கதையெல்லாம் வேண்டாம். கடந்த நூறு, நூற்றிருபது வருஷத்தில் தமிழ்நாட்டு ஊர்களில் நடந்த, மறக்கக்கூடாத சம்பவங்கள் என்று எதைச் சொல்வீர்கள்? போய்ப் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?"

முதலில் நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு தலைவர் வந்தார், பேசினார், போனார் என்பது எனக்கு அந்த ஊரின் வரலாறு ஆகாது. அந்த ஊரில் கடை வைத்திருந்தவர், துணி வெளுத்தவர், வண்டி ஓட்டியவர், கூலிக்குப் போனவர் எல்லாரும் சேர்ந்து ஒன்றைச் செய்தார்களா, இல்லை செய்யமாட்டோம் என்று மறுத்தார்களா என்றுதான் பார்க்கிறேன். தலைவர்கள் பெயர் பாடப்புத்தகத்தில் வந்துவிடும், அவர்களோடு நின்ற ஊர் பெரும்பாலும் வராது. அதனால் பலருக்குத் தெரிந்த சம்பவங்களிலேயே தெரியாத பக்கம் நிறைய இருக்கிறது.

தூத்துக்குடியிலிருந்து தொடங்குகிறேன். வ.உ.சி. கப்பல் ஓட்டினார் என்று எல்லாருக்கும் தெரியும். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார், பத்து லட்சம் ரூபாய் மூலதனம், பங்கு ஒன்று 25 ரூபாய், காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய்க் கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொள்கிறோம், குடையும் தருகிறோம் என்று சொன்னதும் நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். என்னைக் கேட்டால், கப்பலைவிடப் பெரிய சம்பவம் 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில்லில் நடந்த வேலைநிறுத்தம்தான்.

அந்த மில் ஹார்வி கம்பெனியுடையது. விடிவதற்கு முன்னால் உள்ளே போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே வரமுடியும், வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்பது கிடையாது, சின்னப் பிள்ளைகளும் வேலை பார்த்தார்கள், தப்பு நடந்தால் பிரம்படி. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரையில் பேசிய பேச்சுக்குப் பிறகு, பிப்ரவரி 27-ஆம் தேதி தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். அன்றாடம் கூலி வாங்கிச் சாப்பிடுகிறவர்களால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? இங்கேதான் ஊர் வருகிறது. வியாபாரிகளும் வக்கீல்களும் பணம் போட்டார்கள், வெளியே வந்தவர்களுக்கு வேறு வேலை பிடித்துக் கொடுத்தார்கள். சவரத் தொழிலாளர்கள் மில்லுக்கு ஆதரவாகப் பேசியவர்களுக்குச் சவரம் செய்யமாட்டோம் என்றார்கள், சலவைத் தொழிலாளர்கள் அவர்கள் துணியைத் தொடவில்லை. ஒன்பதாவது நாள் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு ஏறத்தாழ இருபது வருஷம் முன்னால், சங்கம் என்று ஒன்றே இல்லாத ஊரில் இது நடந்திருக்கிறது.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி.யையும் சிவாவையும் பிடித்து அடைத்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. கடைகள் அடைத்தன, கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், நகராட்சி அலுவலகமும் தபால் ஆபீசும் போலீஸ் ஸ்டேஷனும் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். இங்கே தூத்துக்குடியில் அதே மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள், ஆனால் இந்தத் தடவை கூலிக்காக அல்ல, சிறையில் இருப்பவர்களுக்காக. திலகருக்குத் தண்டனை கொடுத்தபோது பம்பாய் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததை இந்திய வரலாற்றில் பெரிதாகச் சொல்வார்கள், அது நடந்தது அதே வருஷம் ஜூலையில். தூத்துக்குடி அதற்கு நான்கு மாதம் முந்தி. இதை நம்மவர்களே சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கலவரத்துக்குப் பிறகு இரண்டு ஊரிலும் கூடுதல் போலீசை நிறுத்தி, அதற்கான செலவை ஊர்க்காரர்கள் தலையிலேயே வரியாகக் கட்டினார்கள். வ.உ.சி.க்கு முதலில் விதித்தது இரண்டு ஆயுள் தண்டனை, அப்பீலில் குறைந்தது. கோயம்புத்தூர் சிறையில் செக்கு இழுத்தார். அவர் உள்ளே இருக்கும்போதே கம்பெனி முடிந்துபோனது. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டம் இல்லை. அதைச் சொல்லி ஊர் நன்றி மறந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு பேர் செத்து, தண்ட வரியும் கட்டி, போலீஸ் கண்காணிப்பில் நாலு வருஷம் கிடந்த ஊர்கள் அவை.

அப்புறம் வேதாரண்யம். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி, உப்புச் சட்டத்தை மீறுவதற்காக, திருச்சியில் காங்கிரஸ்காரர் டாக்டர் ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் வேதாரண்யம் நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் என்பவர் கெட்டிக்காரர். இவர்களை வழியில் அடித்தால் விளம்பரம் கிடைக்கும் என்று தெரிந்து வேறு வழி பார்த்தார். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை என்று ஊர் ஊராக அறிவிப்புக் கொடுத்தார். சத்திரங்கள் பயந்து கதவை அடைத்தன. ஆனால் தொண்டர்கள் பட்டினி கிடக்கவில்லை. போகிற பாதையில் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. யார் கட்டியது என்று போலீசால் கண்டுபிடிக்க முடியவில்லை, ஏனென்றால் யாரும் கொடுக்கவில்லை, யாரும் வாங்கவும் இல்லை, மரத்தில் இருந்தது, எடுத்துச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். காவிரிப் பாசனத்து ஊர்களில் விருந்தோம்பலையே சட்டமறுப்பாக மாற்றிய இந்த யோசனை எந்தத் தலைவருடையதும் அல்ல, வீட்டு அடுப்படிகளில் பிறந்தது.

ஏப்ரல் 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு எடுத்து ராஜாஜி கைதான பிறகும் அந்த ஊர் விடவில்லை. வைரப்பன் என்கிற சவரத் தொழிலாளியை வேதாரண்யத்தில் இன்றும் சொல்வார்கள். சவரம் செய்துகொண்டிருந்த ஆள் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியை வைத்துவிட்டார், சிறைக்கும் போனார். தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் 22 வருஷம். ஊர் கட்டுப்பாடு என்று நம் கிராமங்களில் ஒரு வழக்கம் உண்டு, பெரும்பாலும் எளியவர்களை ஒடுக்கத்தான் அதைப் பயன்படுத்தினார்கள். அதே ஆயுதத்தைச் சவரத் தொழிலாளர்களும் சலவைத் தொழிலாளர்களும் அதிகாரத்தின் பக்கம் திருப்பிய இரண்டு சந்தர்ப்பங்கள் இவை.

1939 ஜூலை 8, மதுரை. காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர் ஐந்து தாழ்த்தப்பட்டவர்களையும் ஒரு நாடாரையும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப்போனார். பின்னாளில் உள்துறை அமைச்சரான கக்கன் அந்த ஐந்து பேரில் ஒருவர். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு தடுக்கவில்லை, வரவேற்றார். சரி, உள்ளே போனதோடு கதை முடிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசைக்கு வர மறுத்தார்கள். மீனாட்சியே கோயிலைவிட்டுப் போய்விட்டாள் என்று சொல்லி வைதிகர்கள் தனியாக ஒரு பங்களாவில் வழிபாடு நடத்தினார்கள். இத்தனைக்கும் நடுவில் மதுரை ஜனங்கள் எப்போதும்போல வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்படிப் போய்வந்தவர்கள்தான் அந்தப் போராட்டத்தை ஜெயிக்க வைத்தார்கள் என்பது என் கருத்து. எல்லாருக்கும் திறக்காத கோயிலுக்குள் போவதில்லை என்று இருந்த காந்தி 1946-ல் உள்ளே போய்க் கும்பிட்டார்.

ஐம்பதுகளில் நடந்த எல்லைப் போராட்டங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். திருவிதாங்கூரில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைச் சேர்க்கவேண்டும் என்று நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. சுட்டது பட்டம் தாணுப்பிள்ளையின் சோஷலிஸ்ட் அரசு. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளரான லோகியாவே, ஜனங்களைச் சுட்ட நம் அரசு பதவி விலகவேண்டும் என்று கேட்டார். இன்றைக்கு எந்தக் கட்சியிலும் இதை நினைத்துப் பார்க்க முடியாது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் வந்தன, தேவிகுளம் பீர்மேடு வரவில்லை. வடக்கே திருத்தணி 1960-ல் வந்தது.

இதே சமயம் விருதுநகரில் சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-ல் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். பன்னிரண்டு கோரிக்கைகள், முதன்மையானது மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைப்பது. அவர் பழைய காங்கிரஸ்காரர், கதர் கட்டியவர். ஆட்சியில் இருந்தது காங்கிரஸ், முதலமைச்சர் காமராஜர், அவருக்கும் சொந்த ஊர் விருதுநகர். யோசித்துப் பாருங்கள். எழுபது நாளுக்கு மேல் கிடந்து, அக்டோபர் 13-ல் மதுரை ஆஸ்பத்திரியில் உயிர் போனது. உடலைக் கம்யூனிஸ்டுகளிடம் கொடுக்கச் சொல்லியிருந்தார், அப்படியே கொடுத்தார்கள். கேட்ட பெயர் சட்டமன்றத்தில் நிறைவேற 1967 ஜூலை 18 வரை ஆனது, நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. அண்ணா பிப்ரவரி 3-ல் போய்ச் சேர்ந்தார், அவர் தன் மாநிலத்தை அந்தப் பெயரில் ஆண்டது மூன்று வாரம்கூட இல்லை.

விருதுநகர் விஷயத்தில் காமராஜர்மேல் எனக்குக் குறை உண்டு. அதே 1956-ல் எட்டயபுரத்தில் அவர் தொடங்கிவைத்த மதிய உணவை நினைத்தால் அந்தக் குறை பாதி கரைந்துவிடும். கஜானாவில் காசு இல்லாமல்தான் அது ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் அரிசியும் காய்கறியும் விறகும் கொடுத்துப் பள்ளிக்கூடத்தில் சமைத்தார்கள், சர்க்கார் பிறகுதான் பங்கு போட்டது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு இதே வழியில் இன்னொன்றும் செய்தார். 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்ன இல்லை என்று பட்டியல் போடுவார்கள், ஒருவர் நிலம் தருவேன் என்பார், இன்னொருவர் பெஞ்ச், கரும்பலகை, கடிகாரம், குடிநீர்ப் பானை. யார் என்ன கொடுத்தார் என்று மேடையில் படிப்பார்கள். உங்கள் ஊரில் பழைய அரசுப் பள்ளி இருந்தால் அதன் சுவரில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல் இருக்கிறதா என்று பாருங்கள், பல ஊர்களில் இருக்கிறது.

தனுஷ்கோடியைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்கமுடியாது. சென்னை எழும்பூரிலிருந்து போட் மெயில் பிடித்துத் தனுஷ்கோடி போய், அங்கே கப்பல் ஏறித் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு, இப்படி ஒரே டிக்கெட்டில் இலங்கை போன காலம் அது. அதனால் அந்த மணல்திட்டில் ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், சர்ச் என்று ஒரு முழு ஊரே இருந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, பெரும் புயலுக்கு நடுவே, பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை. கொஞ்ச நேரம் நின்று, பிறகு மெதுவாக நகர்ந்த ரயிலைக் கடல் அப்படியே இழுத்துக்கொண்டது. நூறு பேருக்கு மேல், ஒருவரும் பிழைக்கவில்லை. தந்தி, தொலைபேசி எல்லாம் அறுந்துபோனதால் வெளியே தகவல் தெரியவே நேரம் ஆனது. ஊரை வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது, ராமேஸ்வரத்துக்கு அப்பால் ரயில் அதன்பிறகு போகவே இல்லை.

பாம்பன் பாலத்தில் 146 கர்டர்களில் 126 கடலுக்குள் போய்விட்டன, கப்பலுக்காகத் திறந்து மூடும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. ஆறு மாதமாவது ஆகும் என்று நினைத்த வேலையை ஸ்ரீதரன் என்கிற இளம் என்ஜினியர் 46 நாளில் முடித்தார். மெட்ரோ மனிதர் என்று பின்னாளில் நாடே கொண்டாடியது இவரைத்தான். கடலில் விழுந்த கர்டர்கள் எங்கே கிடக்கின்றன என்று காட்டிக்கொடுத்தவர்கள் மீனவர்கள். வீட்டையும் படகையும் உறவுகளையும் அதே புயலில் இழந்த கரை அது என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்த 46 என்ற எண்ணைப் பாருங்கள்.

நான்கு வருஷம் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையில் கீழவெண்மணி. விவசாயத் தொழிலாளர்கள் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலகமாட்டோம் என்றதும்தான் குற்றம். மிராசுதாரின் ஆட்கள் சூழ்ந்தபோது ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கியவர்களைக் கதவை அடைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட்டில் தண்டனை கிடைத்த மிராசுதார்களை ஹைகோர்ட் விடுவித்தது, பெரிய மனிதர்கள் இப்படி நேரில் நடந்து வந்து கொளுத்தியிருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று சொல்லி. நான் இதைப் பலமுறை படித்திருக்கிறேன், கோபம் குறையவில்லை. ஆனாலும் அந்தச் சாவுகளுக்குப் பிறகு 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும், 1971-ல் குடியிருக்கும் மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் சட்டமும் வந்தன. கீழத்தஞ்சையில் மிராசுதார் நினைத்தால் குடிசையைப் பிரித்து எறியலாம் என்ற நிலைமை அதோடுதான் முடியத் தொடங்கியது.

இனி எனக்கு மிகப் பிடித்தது, புதுக்கோட்டை. 1991-ல் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்துக்கு வந்தது. எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் படித்தால் மட்டும் போதாது, யாரையும் எதிர்பார்க்காமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகவேண்டும் என்று யோசித்தார். பஸ் எப்போதாவது வரும் ஊர்கள், கூலி வேலைக்குப் பல மைல் நடை. அதனால் பாடத்திட்டத்தில் சைக்கிளையும் சேர்த்தார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு பழகினார்கள், கற்றுக்கொண்டவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார். திண்ணையில் உட்கார்ந்து கேலி பேசிய ஆண்கள் நிறையவே இருந்தார்கள். கல் உடைக்கிறவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று பல பத்தாயிரம் பெண்கள் ஒன்றிரண்டு வருஷத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள்.

இதில் ஒரு சின்ன விஷயம் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள், பிறகு பலர் அதையே விரும்பவும் செய்தார்கள், ஏனென்றால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் போகும் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம். பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம், முன்னால் பிள்ளை, நடுவில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பெண். மற்ற மாவட்டங்களில் எழுத்தறிவு இயக்கம் என்றால் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தார்கள், இங்கே மாறியது வேறு. சந்தைக்குக் காய்கறி கொண்டுபோக பஸ்ஸுக்கோ, வீட்டு ஆணுக்கோ காத்திருக்கவேண்டாம் என்று ஆனது. அதே காலத்தில் கல்குவாரிகளைக் கான்ட்ராக்டர்களிடமிருந்து மீட்டு, அங்கே உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். எழுத்தும் சைக்கிளும் இல்லாமல் அந்தக் கணக்கு வழக்குகளை அவர்கள் பார்த்திருக்க முடியாது. இந்த மாவட்டத்தில்தான் 1886-ல் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தார், ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படித்தார் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

புதுக்கோட்டையில் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்த அதே 1992-ல், ஜூன் 20 அன்று, தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து புகுந்தார்கள். ஊர்க்காரர்களை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள், 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள், வீடுகளை இடித்தார்கள், கிணற்றைக்கூடக் குடிக்க ஆகாமல் செய்துவிட்டுப் போனார்கள். நம்பவே மாட்டோம் என்று அரசு சொன்னது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணை நிற்க, அந்தப் பெண்கள் கோர்ட் கோர்ட்டாக ஏறி இறங்கினார்கள், அடையாள அணிவகுப்பில் ஆட்களைச் சுட்டிக் காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது, அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள், மீதி 215 பேருக்குத் தண்டனை. 2023-ல், அதே செப்டம்பர் 29 அன்று, ஹைகோர்ட் அதை உறுதிசெய்தது. 31 வருஷம் ஒரு மலையடிவார ஊர் சொன்னதையே மாற்றாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

சரி, போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். வ.உ.சி. இழுத்த செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது, ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த வீடு நினைவில்லம். அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண், விருதுநகரில் சங்கரலிங்கனார் மணிமண்டபம். தனுஷ்கோடிக்கு 2017-லிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது, சர்ச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் வழியிலேயே பார்க்கலாம், காலையில் சீக்கிரம் போனால் கூட்டம் குறைவு. வெண்மணி நினைவிடத்துக்குத் திருவாரூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் போகலாம், டிசம்பர் 25 அன்று போனால் பல மாவட்டங்களிலிருந்து ஜனங்கள் வருவதைப் பார்க்கலாம். ஆவணங்களே வேண்டும் என்றால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் தரமணியில் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன. 1908 கலவரம் பற்றிய அரசாங்கக் கடிதப் போக்குவரத்தில் தொடங்கினால் மற்றவை தானே இழுத்துக்கொண்டு போகும்.